எதிர்

சொறிக்கு மூளை கிடையாது. இதயம் கிடையாது. முதுகெலும்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பாடப்புத்தகம் அதை இழுதுமீன், ஜெல்லிமீன் என்கிறது; அது மீனும் இல்லை. ஆனால் அதற்கு வெளிச்சம் தெரியும். குடை போன்ற உடம்பின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குச் சில புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகளில் எந்த நிறம், எந்தத் துடிப்பில் விழுகிறது என்பதைப் பொறுத்து அது வரும், அல்லது போகும். இதைக் கண்டுபிடித்தவர்கள் முதலில் ஆச்சரியப்பட்டார்கள். அப்புறம், இதை வைத்து அதை எங்கே விரட்டலாம் என்று யோசித்தார்கள்.

விரட்ட வேண்டிய அவசியமும் இருந்தது. கண்மாய்கள் வறண்டு வெடித்து, ஆழ்துளைக் கிணறுகளில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த காலம் அது. கருவேலம்பட்டியிலிருந்து மாவட்டத்தின் மேற்கு எல்லை வரை குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், ஆஸ்பத்திரியில் ஊசி கழுவுகிற தண்ணீர் எல்லாம் மணமுனைக்கு வடக்கே இருந்த ஆலையிலிருந்து வந்தது. கடலை உறிஞ்சி, உப்பைப் பிரித்து, குழாயில் அனுப்புகிற ஆலை. வாடைக் காற்று ஆரம்பித்தால் சொறிக் கூட்டம் வந்து உறிஞ்சுகுழாயின் வாயில் அப்பிக்கொள்ளும். வலை கட்டினார்கள், வலையோடு சேர்த்து அப்பியது. கடைசியில் ஒளிவேலி போட்டார்கள்.

குழாயின் வாயைச் சுற்றிக் கடலடியில் கம்பங்கள். ஒவ்வொரு கம்பத்திலும் விளக்கு. வருவது வளர்ந்த சொறியா, குஞ்சா என்று பார்த்து, அதற்குப் பிடிக்காத வெளிச்சத்தை வேலி தானே தேர்ந்தெடுத்து அடிக்கும். எதற்கு எது பிடிக்காது என்பதை வேலிக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும் அல்லவா? அந்த இடத்தில்தான் செலஸ்டி வந்து சேர்ந்தாள்.

செலஸ்டி மணமுனைக்காரி. இறால் குஞ்சுப் பண்ணையில் பத்து வருஷம் குஞ்சு எண்ணியவள். பண்ணையை மூடினார்கள். புருஷனுக்கு வேறு ஊரில் வேறு வீடு அமைந்துவிட்டது. அண்ணன் தஸ்நேவிஸ் வீட்டின் பின்னறையில் இருந்துகொண்டு வேலை தேடியபோது, ஆலைக்குப் பக்கத்திலிருந்த ஆய்வகத்தில் கண் நல்ல கூர்மையான ஆள் வேண்டும் என்றார்கள். வளர்ந்த சொறியைக் கேமரா பார்த்துக்கொண்டது. குஞ்சுகளை அதனால் பார்க்க முடியவில்லை. கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை. தண்ணீரில் விட்டால் தண்ணீராகவே ஆகிவிடும். கேமரா தூசியைக் குஞ்சு என்றது, குமிழியைக் குஞ்சு என்றது. செலஸ்டி முதல் நாளே குஞ்சைக் குஞ்சு என்றாள்.

வேலை இருட்டறையில். கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதன் ஒரு முனையில் சோதனை விளக்கு. மற்ற மூன்று பக்கமும் குழாய்களும் சுவரும் அடைத்துக்கொண்டதால், நாற்காலி விளக்குக்குப் பின்னால்தான் போடவேண்டியிருந்தது. தலைக்கு மேலே மங்கலான ஒரு சிவப்பு பல்பு. எழுதக் கூடாது, போன் கூடாது, துளி வெளிச்சம் கூடாது. விளக்கு துடிக்கும்போது குஞ்சு என்ன செய்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். கறுப்புத் திரைக்கு வெளியே இருக்கும் கருவி அதைக் கேட்டு, வேலிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொள்ளும். அந்தக் கருவியைச் செய்த லெப்பை அதற்குக் ‘கேட்பான்’ என்று பெயர் வைத்திருந்தார்.

சொல்லிக்கொடுத்தவர் டாக்டர் கோகிலவாணி. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். அன்றைக்கு அவருக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரம்.

“ரெண்டே வார்த்தைங்க செலஸ்டி. நேர், எதிர். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவேதானுங்க. இதுல என்ன இருக்குது?”

இதில் என்ன இருந்தது என்று தெரிய இரண்டு வருஷம் ஆனது.

முதல் வருஷம் வளர்ந்த சொறிகள்தான் வந்தன. வேலி அபாரமாக வேலை செய்தது. கூட்டம் விளக்கைக் கண்டதும் திரும்பியது. ஆலையில் இனிப்பு வழங்கினார்கள். திரும்பிய கூட்டம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. அது தெற்கே, மணமுனைக் குடாவுக்குள் போனது. அங்கே சங்கு குளிக்கிறவர்கள் தண்ணீருக்குள் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவனான அமலன் அங்கேயே செத்தான். அவனைத் தூக்கப்போன தஸ்நேவிஸின் கழுத்தையும் தோளையும் சொறியின் நூல்கள் சுற்றிக்கொண்டன. பிழைத்துவிட்டான். கயிற்றால் விளாசியது போன்ற தழும்பு மட்டும் மிச்சம். அதிகாரிகள் வந்து பார்த்து இயற்கை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்களுக்கு யார் சொல்லியும் தெரிய வேண்டியதில்லை; வேலி எங்கே இருக்கிறது, காற்று எங்கே அடிக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். செலஸ்டிக்கு ‘விளக்குக்காரி’ என்று பெயர் விழுந்தது. தஸ்நேவிஸ் தங்கையோடு பேசுவதை நிறுத்தினான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவளுக்குக் கேட்கும்படியாகவே மனைவியிடம், “ஏட்டி, சம்பளம் வந்துச்சான்னு அவகிட்ட கேளு” என்பான். மதினி சலிப்போடு, “கேட்டுச்சா?” என்பாள். செலஸ்டி, “கேட்டுச்சுன்னு சொல்லுங்க” என்பாள்.

இரண்டாம் வருஷம் குடா சுத்தமாக இருந்தது. ஒரு சொறி இல்லை. சங்குக்காரர்கள் முதலில் பயந்து பயந்து இறங்கினார்கள். அப்புறம் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினார்கள். ஆலைதான் நின்றுபோனது. இந்தத் தடவை வந்தவை குஞ்சுகள். கோடிக்கணக்கில், திருவிழாவுக்கு வருகிற மாதிரி வேலியின் விளக்குகளை மொய்த்து, அங்கிருந்து குழாய்க்குள் புகுந்து, உப்பு பிரிக்கும் சவ்வுகளில் கஞ்சி மாதிரி அடைத்துக்கொண்டன. மேற்கே லாரித் தண்ணீருக்கு வரிசை நின்றது. பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸை நிறுத்தினார்கள்.

கோகிலவாணி செலஸ்டியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். லெப்பையும் இருந்தார்.

“உக்காருங்க செலஸ்டி. ஒண்ணு கேக்கோணும். கோவிச்சுக்கக் கூடாது.”

லெப்பை எதையோ தட்டினார். செலஸ்டியின் குரல் வந்தது. ‘எதிர்... எதிர்... நேர்... எதிர்...’ தன் குரல் இவ்வளவு தடியாக இருக்குமென்று அவளுக்குத் தெரியாது.

“இதுல எதிர்னா என்னங்க?”

“எதிர்னா எதிர்தான்.”

“குஞ்சு எங்க போச்சுன்னு கேக்கறேன்.”

“எங்கயும் போவல. விளக்கப் பாத்து வந்துச்சு. நான் விளக்குக்குப் பின்னாலல்லா இருக்கேன். என் எதிர்க்க வந்துச்சு.”

கோகிலவாணி கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப நேர்?”

“நேரா போறது. என்னைய விட்டுட்டு அந்தக் கடைசிக்கு.”

கோகிலவாணி கண்ணாடியை மேசைமேல் வைத்தார்.

“செலஸ்டி, படிப்புல நேர்னா வெளிச்சத்தைத் தேடிப் போறதுங்க. எதிர்னா வெளிச்சத்துக்கு எதிரா ஓடறது.”

“எதிரான்னு நீங்க சொல்லலியே டாக்டர். எதிர்னுதான சொன்னிய.”

லெப்பைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது சரிதான். மாப்பிள்ளைய எதிர்கொண்டு போய்த்தான கூட்டிட்டு வர்றோம்? எதிர்த்துப் போயா விரட்டுறோம்? குஞ்சுகளுக்கு வேலி மாலை போட்டு வரவேற்பு குடுத்திருக்கு.”

“ஒரு துணைக்கால விட்டதுக்கு ஒரு ஜில்லாவே தாகத்துல கிடக்குது, உங்களுக்குச் சிரிப்பு வருதாக்கும்” என்றார் கோகிலவாணி. அவர் குரலில் கோபம் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று அவருக்கே முடிவாகவில்லை.

“பழசை அப்படியே தலைகீழாப் போட்டுட்டா?” என்றார் லெப்பை.

“எப்படிங்க? விளக்கு பூராத்தையும் மாத்தியாச்சு. இது புது நிறம், புதுத் துடிப்பு. பழைய கணக்கு இதுக்கு ஆகாது. நாளைக்கு மொதல்ல இருந்து பார்ப்போம்.”

“அப்ப இந்த நேர் எதிர்ச் சமாச்சாரத்த நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு லெப்பை எழுந்து போனார். அதைக் கோகிலவாணி காதில் போட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அவர் செலஸ்டியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, இந்த முறை நிதானமாகச் சொன்னார். விளக்கைத் தேடி வந்தால் நேர். விளக்கை விட்டு ஓடினால் எதிர். திருப்பிச் சொல்லச் சொன்னார். செலஸ்டி சொன்னாள்.

“மனசுல நின்னுச்சுங்களா?”

“நின்னுச்சு.” செலஸ்டி எழுந்திருக்கவில்லை. “டாக்டர், விளக்க விட்டு ஓடுனா, எங்க ஓடும்?”

“கடல் பெருசுங்க.”

“மணமுனைக் கடல் சின்னதுல்லா.”

கோகிலவாணி கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. “தெக்கு விளக்கு வரிசைய ஆழத்துப் பக்கமாத் திருப்பிப் போடச் சொல்லி ரெண்டு தடவை கேட்டேன். கம்பம் நிறைய வேணும், அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டாங்க. என் கையில இருக்கறது இவ்வளவுதானுங்க.”

செலஸ்டி வெளியே வந்தபோது ஆலையின் வாசலில் குடங்களோடு கூட்டம் நின்றது. உள்ளே தண்ணீர் இல்லை என்று காவலாளி தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தான். கூட்டத்தைத் தாண்டி ஒரு ஷேர் ஆட்டோ. அதில் ஒரு கிழவி கால்களை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதங்கள் ஊறிப்போன ரொட்டி மாதிரி இருந்தன. அவள் மகள் செலஸ்டியை மறித்தாள்.

“உள்ள வேலை பாக்குறவுகளா நீங்க?”

“கூட்டுற வேலை” என்றாள் செலஸ்டி.

“எப்பத் தண்ணி வரும்னு பேசிக்கிறாகளா? எங்கம்மாவுக்கு ரத்தம் சுத்தம் பண்ணணும். ஆஸ்பத்திரியில, தண்ணி வந்தாத்தான் மிசின் ஓடும்னு திருப்பி விட்டுட்டாக. கருவேலம்பட்டியில இருந்து வாரோம். இங்கயே வந்து கேட்டுட்டுப் போயிருவோம்னுதான்...”

“வந்துரும்னு சொல்லுதாவ.”

“இன்னைக்கா?”

“ரெண்டு நாள்ல.”

அந்தப் பெண் திரும்பி ஆட்டோவைப் பார்த்தாள். இரண்டு நாள் என்பது அம்மாவுக்கு அதிகமா குறைவா என்று கணக்குப் போடுகிற முகம். செலஸ்டி நடந்துவிட்டாள்.

வீட்டில் நடந்ததை மதினியிடம் சொன்னாள். மதினியிடம் சொன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர நேரமாகாது. சோறு போடும்போது தஸ்நேவிஸ் வந்து எதிரே உட்கார்ந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு நேராக அவளைப் பார்த்துப் பேசினான்.

“நாளைக்கு நீ என்ன சொல்லப்போற?”

“என்ன நடக்கோ அதச் சொல்லுவேன்.”

“பழையபடி சொல்லு.”

“பழையது தப்புண்ணே.”

“தப்புனாலதாம்ட்டி நாங்க உசுரோட இருக்கோம்.” சட்டைக் கழுத்தை இழுத்துக் காட்டினான். காட்ட வேண்டியதே இல்லை. அவள் தினமும் பார்க்கிற தழும்புதான். “குஞ்ச விரட்டுனா எங்க வரும்? இங்கதான் வரும். வந்து இங்க வளரும். அமலன தூக்கையில அவன் தோலு என் கையோட வந்துச்சு. நீ பாக்கல. ஆபீஸ்ல முட்டாய் தின்னுக்கிட்டு இருந்த.”

“அங்க ஆஸ்பத்திரியில ஆளுக சாவுதாவண்ணே.”

“யாரு அவிய? அமலன் செத்தப்ப அவிய ஒரு குடம் தண்ணி கொறச்சுக் குடிச்சாவளா?”

செலஸ்டி தட்டைக் கழுவி வைத்தாள். தட்டு கழுவிய அந்தத் தண்ணீரும் ஆலைத் தண்ணீர்தான். மணமுனைக்குக் கடைசியாக மிச்சமிருந்த தொட்டியிலிருந்து வந்தது. தஸ்நேவிஸ் அதைப் பார்த்தான். எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலை இருட்டறைக்குள் உட்கார்ந்தாள். கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்தாள். குழாய் வழியாகக் குஞ்சுகளைத் தொட்டியின் நடுவில் விட்டார்கள். முதல் விளக்கு நீலமாக, மூச்சு விடுகிற வேகத்தில் துடித்தது. குஞ்சுகள் கொஞ்சம் தயங்கின. அதைத் தயக்கம் என்று சொல்வதே தப்பு. மூளை இல்லாததற்குத் தயக்கம் ஏது? உடம்பு ஒரு தடவை சுருங்கி விரிந்தது. அப்புறம் மொத்தமாகத் திரும்பி, விளக்கை விட்டு, தொட்டியின் மறுமுனைக்கு விலகத் தொடங்கின.

ஆக, இந்த நீலம் விரட்டுகிறது. ஆலைக்கு வேண்டிய நீலம் இதுதான். இதைச் சொன்னால் குழாய் திறக்கும், மிஷின் ஓடும், வீங்கிய பாதங்கள் வடியும். இதைச் சொன்னால் குடா நிறையும்.

அவள் வாய் பழக்கத்தில் ‘நே’ என்று திறந்தது. அப்படியே விட்டிருந்தால் யாராலும் குற்றம் சொல்ல முடியாது. படிக்காதவள், மறுபடி மறந்துவிட்டாள் என்பார்கள். அண்ணன் கேட்டதும் அதைத்தான். பொய்கூட இல்லை, மறதி. செலஸ்டி உதட்டைக் கடித்தாள். பத்து வருஷம் குஞ்சு எண்ணியவள். பண்ணையில் ஒரு தொட்டி முழுக்கச் செத்துக் கிடந்தாலும் செத்தது என்றுதான் சொல்லியிருக்கிறாள். பார்த்ததை மாற்றிச் சொல்ல அவளுக்கு வரவில்லை. அது நேர்மையா, வெறும் பழக்கமா என்று அவள் யோசிக்கவில்லை.

“எதிர்” என்றாள்.

அடுத்த விளக்கு பச்சை. குஞ்சுகள் அவளை நோக்கி வந்தன. “நேர்.” அடுத்தது. “எதிர்.” ஒவ்வொரு தடவையும் சொல்வதற்கு முன் நிறுத்தி, படிப்புக்காரர்களின் அர்த்தத்தை நினைவுபடுத்தி, அப்புறம் சொன்னாள். விளக்குகள் தீர்ந்தபோது அவள் முதுகு வேர்த்து நாற்காலியில் ஒட்டியிருந்தது. அமலனின் அம்மாவை இனிமேல் எந்தத் தெருவில் சந்திக்காமல் போகலாம் என்று மட்டும் யோசித்தாள்.

திரையை விலக்கி வெளியே வந்தாள். பகல் கண்ணைக் குத்தியது. கேட்பானுக்குப் பக்கத்தில் லெப்பை டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். எலுமிச்சைச் சோறு.

“அருமையா முடிஞ்சதும்மா. இன்னைக்கு ஏன் இப்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னீங்க? பயந்துட்டீங்களா?”

“தப்பு வந்துரக் கூடாதுன்னு.”

“எப்படி வரும்? அதான் நேத்தே சரி பண்ணிட்டேனே.” அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பெருமையோடு சொன்னார். “மனுஷன் நாக்க மாத்துறது கஷ்டம். மிஷின மாத்துறது ஈஸி. செலஸ்டி குரல்ல எதிர்னு வந்தா, கிட்ட வருதுன்னு எடுத்துக்கோ. நேர்னு வந்தா, ஓடுதுன்னு எடுத்துக்கோ. கேட்பானுக்குச் சொல்லி வச்சுட்டேன். நீங்க உங்க ஊர்ப் பேச்சுலயே பேசிக்கலாம். யாரும் உங்களத் திருத்த வேண்டாம்.”

செலஸ்டி நின்றாள். எதிரெதிரே வருகிற இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் விலகி மறுபடி முட்டிக்கொள்வார்களே, அப்படி ஆகியிருந்தது. அவள் அவர்களுக்காக மாறிக்கொண்டாள். அவர்கள் அவளுக்காக மாறிக்கொண்டார்கள். அவள் சொன்ன ஒவ்வொரு உண்மையும் திரைக்கு வெளியே வந்ததும் தலைகீழாகியிருந்தது. புது வேலி பழைய வேலியைவிடப் பிரியமாகக் குஞ்சுகளைக் கூப்பிடும்.

லெப்பைக்கு அது தெரியாது. கோகிலவாணி அவளுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுத்தபோது லெப்பை அங்கே இல்லை. லெப்பை கருவியை மாற்றியது கோகிலவாணிக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் எலுமிச்சைச் சோற்றின் வாசனையில் நின்றுகொண்டிருந்தாள்.

“சாப்பிடுறீங்களா?” என்றார் லெப்பை.

“வேண்டாம் சார்.”

கோகிலவாணி போனைக் காதில் வைத்தபடியே வந்தார். மறுமுனையில் ஆலைக்காரர்கள். போனைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார்.

“சரியாச் சொல்லிட்டீங்களா செலஸ்டி?”

அவர் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. அவர் கெட்டவர் இல்லை. நேற்று வாசலில் மறித்த அந்தப் பெண்ணும் கெட்டவள் இல்லை. ஒரு வாக்கியம் போதும். லெப்பை சோற்றுக் கையோடு எழுந்து சரி செய்துவிடுவார். அந்த வாக்கியம் செலஸ்டியின் வாய்வரை வந்தது. உள்ளே இருட்டில் ஒரு தடவை அண்ணனைக் கொடுத்தாயிற்று. இன்னொரு தடவை, பகலில், அதே கையால் கொடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

“நான் சரியாத்தான் சொன்னேன் டாக்டர்.”

அதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை.

“முடிஞ்சதுங்க, நாளைக்கே போட்டுரலாம்” என்று கோகிலவாணி போனில் சொல்லிக்கொண்டே போனார்.

செலஸ்டி பின்வாசல் வழியாக வெளியேறினாள். அந்த வழி சுற்று. முன்வாசலில் ஆட்டோ இன்னும் நிற்கிறதா என்று பார்க்காமல் போவதற்கு அது ஒன்றுதான் வழி.

வீட்டில் தஸ்நேவிஸ் முற்றத்தில் உட்கார்ந்து, கடலடியில் மூச்சு விடுகிற காற்றுக் குழாயைச் சுருட்டி மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். விற்கப்போகிறவன் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டினான். அவளைப் பார்த்ததும் கை நின்றது.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

அவன் மறுபடி கட்டத் தொடங்கினான். இரண்டு முடிச்சு போட்டான். மூன்றாவது முடிச்சில் அவள் சொன்னாள்.

“அத ஏன் கட்டுத? கடலுக்குப் போ.”

“என்னது?”

“போண்ணே. இனியும் ஒண்ணும் வராது.”

தஸ்நேவிஸ் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தான். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்த மாதிரி இருந்தது. முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். அவிழ்க்கிற போதே அவன் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அடுப்படிப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டான்.

“ஏட்டி, இவளுக்குப் பெரிய மீன் துண்டாப் பாத்துப் போடு! எந் தங்கச்சில்லா! படிச்ச அத்தன பேரு முன்னாலயும் நமக்காவப் பொய் சொல்லிட்டு வந்து நிக்கா!”

செலஸ்டி அதையும் திருத்தவில்லை.